ஏப்ரலில் ராப்டர்ஸ் ரசிகர் அளவாக ஆசைப்படுவது எப்படி

நாங்கள் ரொறன்ரோவின் NBA கூடைப்பந்து அணியான ராப்டர்ஸின் ரசிகர்கள். மார்ச் கடைசியில் எங்கள் ஸ்காபரோ வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறும். ராப்டர்ஸ் ஆடும் கிழக்குப் பிரிவின் பதினைந்து அணிகளும் அதில் பென்சிலால் எழுதியிருக்கும், ஏனென்றால் தினமும் அழிக்க வேண்டும். பிளேஓஃப், அதாவது கிண்ணத்துக்கான வெளியேற்றச் சுற்றுகள், தொடங்கும்வரை என் ஆசை அந்தத் தாளைத் தாண்டக் கூடாது என்பது நானே போட்ட விதி. தாண்டினால் நித்திரை கெடும்.

வெற்றிகளை விடுங்கள், முதலில் தோல்விகளைப் பாருங்கள். எல்லா அணிக்கும் 82 ஆட்டம்தான். ஆனால் மார்ச்சில் ஒன்று 74இலும் இன்னொன்று 76இலும் நிற்கும். ஆடாத ஆட்டத்தை இனி வெல்லலாம், தோற்றது தோற்றதுதான். பிறகு ஒரு சின்னக் கணக்கு. 83இலிருந்து நம் வெற்றிகளையும் துரத்தி வரும் அணியின் தோல்விகளையும் கழியுங்கள். நாம் 42 வென்று, அவர்கள் 36 தோற்றிருந்தால் மிச்சம் 5. நம் வெற்றியும் அவர்கள் தோல்வியும் சேர்ந்து இன்னும் ஐந்து வந்தால் அவர்கள் நம்மை எட்ட முடியாது. இரண்டு அணிகள் சமமாக முடித்தால், முதலில் பார்ப்பது அவர்கள் தமக்குள் ஆடிய ஆட்டங்களை. அதில் நாம் முன்னால் என்றால் நாலே போதும்.

ஆசைப்பட வேண்டியது ஆறாம் இடத்துக்கு. அதுவரை நேரே பிளேஓஃப். ஏழிலிருந்து பத்துவரை பிளே-இன், அதாவது மிச்ச இரண்டு இடங்களுக்கான தகுதி ஆட்டங்கள். ஏழும் எட்டும் மோதி வென்றவருக்கு ஏழாம் இடம். தோற்றவர், ஒன்பது-பத்து ஆட்டத்தில் வென்றவரோடு எட்டாம் இடத்துக்கு ஆட வேண்டும். ஒன்பது-பத்தில் தோற்றால் அன்றோடு வீடு.

2023இல் மயாமி பிளே-இன் வழியாக எட்டாவதாக வந்து, முதலிடத்து மில்வோக்கியைக் கவிழ்த்து, இறுதிச் சுற்றுவரை போனது உண்மைதான். அதைக் காட்டி, “ஒன்பதாம் இடமும் பரவாயில்லை” என்று தமையன் வருடா வருடம் சொல்வார். நான் அதே வருடத்து ஏப்ரல் 12ஐ ஞாபகப்படுத்துவேன். ஒன்பதாம் இடத்தில் நாங்கள், பத்தில் சிக்காகோ. ஆட்டம் ரொறன்ரோவில். ஒரு கட்டத்தில் 19 புள்ளி முன்னிலை. பிறகு ஃப்ரீ த்ரோ! யாரும் மறிக்காமல், கோட்டில் தனியாக நின்று எறிவது. நாங்கள் எறிந்த 36இல் 18 தவறியது. ஒரு காலம் எங்கள் ஆளாக இருந்த டெரோசான் அன்று சிக்காகோவில். அவருடைய சின்ன மகள் அரங்கிலிருந்து ஒவ்வொரு எறிக்கும் வீரிட்டுக் கத்தினாள். 109-105 என்று தோற்றோம். வாங்கி வைத்த கொத்து ரொட்டியை யாரும் தொடவில்லை.

முதலிடத்துக்கும் சும்மா ஏங்காதீர்கள். நாலாம், ஐந்தாம் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள், இரண்டாம் சுற்றில் எதிரே வருவது பெரும்பாலும் அவர்களில் ஒருவர். 2018இல் 59 வெற்றியோடு கிழக்கில் முதலிடம் எங்களுக்கு. நாலாம் இடத்தில் நின்றது நட்சத்திர வீரர் லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லண்ட். இரண்டாம் சுற்றில் அவர்களிடம் 0-4 என்று தோற்றோம்.

மிச்ச ஆட்டங்களில் எதிரணியின் பெயரைக் கண்டு பயப்படவும் தேவையில்லை. இடம் உறுதியான பெரிய அணிகள் கடைசிக் கிழமையில் நட்சத்திர வீரர்களை உட்கார வைத்துவிடும். பத்தாம் இடத்துக்குத் துடிக்கும் அணிதான் கடித்துக் குதறும். இரண்டு இரவு அடுத்தடுத்து ஆட்டம் வந்தால், இரண்டாவதை என் தாளில் தோல்வியாகவே எழுதிவிடுவேன். வென்றால் லாபம்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் உடையும். அதற்கு மேற்குப் பிரிவில் இன்னோர் அணி வைத்திருங்கள், பிளேஓஃபில் இறுதிச் சுற்றுவரை நம்மோடு மோதாது. எனக்கு ஒக்லஹோமா சிட்டி. ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் பக்கத்து ஹமில்டனில் வளர்ந்தவர், 2025இல் கிண்ணமும் எடுத்தார். தமையனுக்கு ஜமால் மரேயின் டென்வர். மரே கிச்சனர் பெடியன்.

கடைசியாக ஒன்று. இதற்குக் கணக்கு எதுவும் இல்லை. 2019 மே 12இல், பிலடெல்பியாவுக்கு எதிரான பிளேஓஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், அப்போது எங்கள் ஆளாக இருந்த கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்தபோது அம்மா குசினியில் நின்றார். அன்றிலிருந்து முக்கியமான ஆட்டம் என்றால் கடைசி இரண்டு நிமிடம் அவரைக் குசினிக்கு அனுப்பிவிடுகிறோம். 2023இல் அந்த ஃப்ரீ த்ரோக்கள் தவறியபோது அவர் சோபாவில் இருந்தார்.