வன்னி வெயிலில் நாய்க்கு ஐஸ்பழம் செய்யும் முறை

வன்னியில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு தடவை நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு தடவை, ஓகஸ்ட் இறுதியில் மறு தடவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மழை அரிது. சோளகக் காற்று வீசினாலும் அது புழுதியைத்தான் கொண்டுவரும். நாம் கிணற்றடியில் இரண்டு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு வேப்பமர நிழலில் இருந்துவிடுவோம். நாய்க்கோ நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. அதற்குப் பாதங்களின் அடியில் மட்டும் சிறிதளவு வியர்க்கும். மீதி வெப்பம் முழுவதையும் நாக்கை நீட்டி இளைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். வாழையடியில் ஈர மண்ணைத் தோண்டி, வயிற்றை அதில் அழுத்திக்கொண்டு மதியம் முழுவதும் படுத்திருக்கும் நாயைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டுக் கறுப்பன் ஏறத்தாழ 15 கிலோ நிறையுள்ள ஊர்நாய். அவனுக்காகக் கடந்த சில கோடைகளில் செய்து பார்த்து, பிழைவிட்டு, திருத்திக்கொண்ட முறைகளையே இங்கே எழுதுகிறேன். முதலில் விட்ட பிழையிலிருந்து தொடங்குவதுதான் பயனுள்ளது. வெறும் தண்ணீரில் இறைச்சித் துண்டு போட்டு உறையவைத்த பெரிய ஐஸ்கட்டி ஒன்றை அவன் முன்னால் போட்டேன். அவன் அதை எலும்பு என்று எண்ணிக் கடைவாயில் வைத்துக் கடித்தான். மேல் கடைவாய்ப்பல்லின் ஒரு சிம்பு உடைந்து சீமெந்துத் தரையில் விழுந்தது. வெறும் தண்ணீர் உறைந்தால் கல்லுக்குச் சமம். தயிர், பழக்கூழ், அவித்த பூசணிக்காய் போன்றவை கலந்திருந்தால் பனிக்கட்டிப் பளிங்குகள் ஒன்றோடொன்று இறுகப் பிணையாமல், கரண்டியால் சுரண்டக்கூடிய மென்மையுடன் உறையும். ஆகவே நாய்க்கான ஐஸ்பழத்தை, அது நக்கித் தின்னும் பண்டமாகவே செய்ய வேண்டும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு நோக்கத்தை வைத்தே அமைந்தவை.

எவை சேரவே கூடாது

செய்முறைக்கு முன்னர் இந்தப் பகுதியைப் பொறுமையாக வாசியுங்கள். வெங்காயமும் உள்ளியும் பச்சையாக இருந்தாலும், வதக்கியிருந்தாலும், தூளாக இருந்தாலும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். முந்திரிகைப்பழம், அதாவது திராட்சை, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. கேக்குக்கென்று கடையில் ‘பிளம்ஸ்’ எனக் கேட்டு வாங்கும் அதன் வற்றலும் அப்படியே. அதற்குக் காரணம் அதிலுள்ள தார்த்தாரிக் அமிலம் என்று இப்போது கருதப்படுகிறது. அந்த அமிலம் நம் சமையலறைப் புளியிலும் நிறைய உண்டு என்பதால், பழப்புளி கரைத்த எதையும் நாயின் தட்டில் சேர்க்க வேண்டாம். சொக்லேட், கோப்பி, மதுபானம் ஆகியன விலக்கப்பட வேண்டியவை என்பது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது சைலிட்டோல். ‘சீனி சேர்க்காதது’ என்று எழுதி விற்கும் சுவிங்கம், இனிப்பு, சில வகைப் பீனட் பட்டர் ஆகியவற்றில் இடப்படும் இந்த இனிப்பூட்டி, மிகச் சிறிய அளவிலேயே நாயின் குருதியில் உள்ள சீனியை அபாயமான அளவுக்குக் குறைத்துவிடும், ஈரலையும் தாக்கும்.

சோற்றுப்பானையில் மிஞ்சிய சோற்றில் மீன்குழம்பையோ சொதியையோ ஊற்றி நாய்க்கு வைப்பது நம் ஊர்களின் நெடுநாள் வழக்கம். அதைத் தின்ற நாய்கள் எல்லாம் உடனே விழுந்துவிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழம்பை ஐஸ்பழத்துக்கு எடுப்பது வேறு. வெங்காயமும் புளியும் உப்பும் செறிந்த சாற்றை, நாய் விரும்பி நக்கும் பண்டமாக நாமே செய்து கொடுப்பதாக அது ஆகிவிடும்.

பாத்திரங்கள்

ஓர் ஐஸ்கட்டித் தட்டு போதும். சாதாரணத் தட்டின் ஒரு குழியில் ஏறத்தாழ 25 மில்லிலீற்றர் பிடிக்கும். பெரிய நாய்களுக்கு, தின்று முடித்த 80 கிராம் யோகட் கோப்பைகளைக் கழுவி வைத்துக்கொள்ளலாம். கொடுக்கும்போது கோப்பையைக் கழற்றிவிட வேண்டும். ஐஸ்பழக் குச்சி தேவையில்லை. நாய் குச்சியையும் சேர்த்து விழுங்கும். நானும் ஒருமுறை அழகுக்காகத் தேங்காய்ச் சிரட்டையில் உறையவைத்துக் கொடுத்தேன். கறுப்பன் ஐஸ்பழத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, அரை மணி நேரம் சிரட்டையைக் கடித்து நொறுக்கினான். அதன் சில்லுகளைப் பொறுக்கி எடுத்த பிறகு சிரட்டையை விட்டுவிட்டேன்.

முதலாவது: பப்பாசியும் தயிரும்

புதிதாகச் செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. நன்கு பழுத்த பப்பாசிச் சதை 200 கிராம், தயிர் 100 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 50 மில்லிலீற்றர் ஆகியன தேவை. இந்த அளவு 14 குழிகளை நிரப்பும்.

பப்பாசியின் தோலைத் தடிப்பாகச் சீவிவிட்டு, விதைகள் ஒன்றும் இல்லாமல் வழித்து எடுங்கள். சதையை முள்ளுக்கரண்டியால் மசித்தாலே கூழாகிவிடும். பிளெண்டர் இல்லாத வீட்டாரும் கவலைப்பட வேண்டியதில்லை. தயிரைப் பொறுத்தவரை ஒரு கவனம் வேண்டும். நம் பகுதியில் சட்டியில் கிடைப்பது பெரும்பாலும் எருமைத் தயிர். எருமைப் பாலில் பசுப்பாலைவிட ஏறத்தாழ இரு மடங்கு கொழுப்பு இருப்பதால், எருமைத் தயிராயின் 50 கிராம் எடுத்து, குறையும் பங்குக்குத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிய கொழுப்பு நாயின் கணையத்தில் அழற்சியை உண்டாக்கலாம். பால் ஒத்துக்கொள்ளாத நாய்களும் சிறிது தயிரைத் தாங்குவதுண்டு; புளிக்கும்போது பாலிலுள்ள லக்ரோசின் ஒரு பகுதி குறைந்துவிடுவதே அதற்குக் காரணம். நமக்கென்றால் தயிரின் மேல் கித்துள் பாணி ஊற்றுவோம். நாய்க்குப் பாணியும் வேண்டாம், சீனியும் வேண்டாம்.

தயிரையும் தண்ணீரையும் நுரை எழும்பும் வரை அடித்து, அதன் பின்னரே பப்பாசிக் கூழைச் சேருங்கள். சேர்த்ததும் தாமதிக்காமல் தட்டில் ஊற்றி உறையவைக்க வேண்டும். பப்பாசியிலுள்ள பப்பெயின் என்னும் நொதியம் பாற்புரதத்தை உடைத்துக்கொண்டே இருப்பதால், கலவையை மேசையில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் திரும்பி வரும்போது கசந்திருக்கும். ஐந்து அல்லது ஆறு மணி நேரத்தில் உறைந்துவிடும். சரியாக வந்திருக்கிறதா என்று அறிய ஒரு கட்டியை எடுத்து, இரண்டு நிமிடம் வெளியே வைத்து, தேக்கரண்டியின் நுனியால் அழுத்துங்கள். நுனி உள்ளே இறங்கினால் கொடுக்கலாம். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் தண்ணீர் கூடிவிட்டது; அந்தக் கட்டிகளை உருகவிட்டுக் கிண்ணத்தில் கொடுங்கள், அடுத்த தடவை தண்ணீரைக் குறைத்துப் பழத்தைக் கூட்டுங்கள்.

பப்பாசி கிடைக்காத நாளில் நன்கு கனிந்த கதலி வாழைப்பழம் உதவும். அது உறைந்தாலும் களிபோல மென்மையாகவே இருக்கும். இனிப்பு அதிகமாகையால் பாதி அளவு போதும்.

இரண்டாவது: கோழி அவித்த தண்ணீரும் பூசணிக்காயும்

பழத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும் நாய்கள் உண்டு. அவற்றுக்கு இதுதான் மருந்து. ஞாயிற்றுக்கிழமை கோழி சமைக்கும் வீடாயின் தனியே வாங்கவும் தேவையில்லை. உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டுவதற்கு முன்னர் நாயின் பங்கை எடுத்துவிடுங்கள்.

தோல் நீக்கிய கோழி 250 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் போட்டு, மெல்லிய நெருப்பில் 40 நிமிடம் அவியுங்கள். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். வெந்ததும் இறைச்சியைப் பிய்த்தெடுத்து, எலும்புகளைச் சிறு முள்வரை எண்ணி அகற்றுங்கள். நாய்க்கு எலும்பு கொடுத்தே பழகிய நமக்கு இது மிகைபோலத் தோன்றலாம்; ஆயினும் அவித்த கோழி எலும்பு கூரான சிம்புகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கக்கூடியது. தண்ணீர் ஆறிய பின்னர் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் மேலே வெண்மஞ்சளாகக் கொழுப்பு உறைந்து படிந்திருக்கும். அதைக் கரண்டியால் ஒரே வழியாக வழித்தெடுத்துவிடலாம்.

ஒரு கோப்பை அவித்த தண்ணீருக்கு ஒரு கோப்பை அவித்து மசித்த பூசணிக்காய் என்ற கணக்கில் கலவுங்கள். பூசணிக்காயைச் சேர்ப்பதற்கு அதன் நார்ச்சத்து ஒரு காரணம். கோழித்தண்ணீர் தனியே உறைந்தால் கல்லாகிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒவ்வொரு குழியிலும் சிறிது இறைச்சியை உதிர்த்துப் போட்டு, மேலே கலவையை ஊற்றி உறையவையுங்கள்.

மூன்றாவது: வத்தகப்பழம்

இதற்குச் செய்முறை என்று எழுத அதிகம் இல்லை. வத்தகப்பழத்தின் நிறையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். விதையையும் தோலையும் அதன் உட்புற வெண்பகுதியையும் நீக்கி, மசித்து, ஒரு மேசைக்கரண்டி தயிர் கலந்து உறையவைத்தால் போதும். மின்வசதி இல்லாத தோட்டக் கொட்டிலில் இருப்பவர்கள், நறுக்கிய பழத்தை ஒரு மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு, அதை மண்பானைத் தண்ணீருக்குள் ஒரு மணி நேரம் மிதக்கவிட்டுக் கொடுக்கலாம். மீன் ஏற்றும் ஐஸை உடைத்துப் போட வேண்டாம். அது குடிதண்ணீரில் செய்தது என்பதற்கு உறுதி இல்லை.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் கச்சான் வாங்காமல் வருவதில்லை. உப்பில்லாத வறுத்த கச்சானில் பத்துப் பருப்பைத் தோல் நீக்கி இடித்து மேலே தூவினால் நாய்கள் அதன் சுவையில் மயங்கிவிடும். ஆனால் கோதை உடைக்கும்போது பூஞ்சணம் பிடித்ததாகவோ கறுத்துச் சுருங்கியதாகவோ தெரிந்தால் எறிந்துவிடுங்கள். பூஞ்சணத்தில் உண்டாகும் அப்ளாதொட்சின் நாயின் ஈரலுக்குக் கடும் நஞ்சு.

மின்தடையும் சேமிப்பும்

−18 பாகை செல்சியஸில் இடையறாமல் இருந்தால் இவை இரண்டு மாதம் வரை கெடாது. நம் ஊரில் அந்த ‘இடையறாமல்’ என்ற சொல்லை நம்ப முடியாது. நீங்கள் வீட்டில் இல்லாத வேளையில் மின்சாரம் நின்று, எல்லாம் உருகி, மீண்டும் உறைந்திருந்தால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு நாணயக் குற்றியை வைத்து, பிரீசரிலேயே விட்டுவிடுங்கள். குற்றி மேலேயே கிடந்தால் பயமில்லை. அது கிண்ணத்துக்குள் இறங்கி உறைந்திருந்தால் கோழி கலந்தவற்றை எறிந்துவிட வேண்டும். நான் எப்போதும் இரண்டு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை.

எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

நாயின் ஒரு நாள் உணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இத்தகைய பண்டங்கள் போகக் கூடாது. கறுப்பனின் நிறையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கிலோகலோரி தேவை. பப்பாசிக் கட்டி ஒன்றில் 13 கிலோகலோரி அளவில் இருக்கும். மூன்று கட்டி தாராளம். குட்டிகளுக்கும் சிறிய சாதிகளுக்கும் அரைக் கட்டியை நொறுக்கிக் கொடுங்கள். முதல் நாள் எந்த நாய்க்கும் ஒரே ஒரு கட்டிதான். மறுநாள் காலையில் மலம் இளகியிருந்தால் தயிரை நீக்கிச் செய்து பாருங்கள். நீரிழிவு, சிறுநீரக நோய் முதலியன உள்ள நாயாயின் கால்நடை வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வெயிலில் விழுந்த நாய்க்கு ஐஸ்பழம் சிகிச்சை ஆகாது. இடைவிடாமல் இளைத்து, எச்சில் பிசினாகி, பல்முரசு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அதன் உடல் வெப்பம் 41 பாகையைத் தொட்டிருக்கலாம். வாயில் எதையும் திணிக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் சாதாரணக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

நல்ல நிலையில் இருக்கும் நாய்க்கு மாலை நான்கு மணியளவில், ஓடி வந்த இளைப்பு அடங்கிய பிறகு, நிழலில் கொடுங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் இரண்டு தட்டு, இரண்டு மூலை. கட்டியை நேரே மண்ணில் போட வேண்டாம். கறுப்பனுக்குப் பப்பாசிக் கட்டியை முதன்முதலில் கையில் கொடுத்தபோது, அவன் அதைக் கவ்விக்கொண்டு முருங்கையடிக்குப் போய், குழி தோண்டிப் புதைத்து, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தான். சிறிது நேரம் கழித்துப் போய்த் தோண்டினான். ஈர மண்ணும் எறும்பும்தான் இருந்தன. அன்றிலிருந்து விளிம்புள்ள பாரமான எவர்சில்வர் தட்டிலேயே வைக்கிறேன்; தின்று முடித்ததும் தட்டை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எறும்புக் கூட்டம் திண்ணை வரை வந்துவிடுகிறது.