பிரசவ லேகியம்: முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் அடுப்பு

ஒன்பதாம் மாதம் பிறந்ததுமே பல வீடுகளில் லேகியம் தயாராகிவிடுகிறது. ஊரிலிருந்து சித்தியோ அத்தையோ ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருப்பார்கள். இல்லையென்றால் பாட்டி கிளறி, பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்திருப்பார். அன்போடு செய்வதுதான். ஆனால் என் வழக்கம் வேறு. பிள்ளை பிறந்து, தாய் வீட்டுக்கு வந்து, மருத்துவமனையில் கொடுத்த காகிதத்தை நான் படித்த பிறகுதான் சுக்கைக் கையில் எடுப்பேன். யாருக்கு என்று தெரியாமல் உணவு சமைக்கலாம். மருந்து செய்யக் கூடாது.

இந்த வேலையை நான் என் மாமியாரிடம் கற்றேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே சிங்கப்பூருக்கு வந்தவர். யீஷூன் வட்டாரத்தில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அடுப்பில்தான் இன்றும் கிளறுகிறேன். நான் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு முறை உண்டு. சித்தாவுக்கும் ஆயுர்வேதத்துக்கும் அப்படி ஒரு பதிவு இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் செய்கிறவர்தான் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

காகிதத்தில் முதலில் நான் தேடுவது சர்க்கரை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்ணுக்கு வெல்லம் போட்ட லேகியமே வேண்டாம். அவளுக்கு அங்காயப் பொடி செய்யுங்கள். சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், தனியா, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம், உப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்துப் பொடித்தால் போதும். சூடான சோற்றில் நெய்விட்டு முதல் கவளமாகப் பிசைந்து கொடுக்கலாம். பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று நினைத்து, ஆறாவது வாரத்துக்குப் பிறகு செய்யச் சொன்ன ரத்தப் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் போகச் சொல்லி நினைவுபடுத்துவதும் பத்தியம் பார்க்கிறவரின் வேலைதான்.

அடுத்தது ரத்த அழுத்தம். சிலர் லேகியத்தில் அதிமதுரம் சேர்ப்பார்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் இருந்த பெண்ணுக்கு அது கூடவே கூடாது. மூன்றாவது, அவள் சாப்பிடும் மாத்திரைகள். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள காரச்சத்து சில மருந்துகளை உடம்பு அதிகமாக இழுத்துக்கொள்ளும்படி செய்துவிடும். வலிப்புக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மருந்து எடுக்கும் பெண் என்றால், பொருள்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி மருந்தகத்தில் காட்டிக் கேட்ட பிறகு செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இப்படித்தான் கேட்கிறேன்.

சரி, மூன்றும் தெளிவானதும் தேக்கா சந்தைக்குப் போகலாம். எதையும் பொடியாக வாங்காதீர்கள். முழுப் பொருள் தன்னை மறைக்காது. சுக்கை ஒடித்துப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக, நார் தெரிய, மூக்கில் ஏறும் வாசனையோடு இருக்க வேண்டும். துளை இருந்து மாவு கொட்டினால் பூச்சி தின்ற சுக்கு. அரிசித் திப்பிலியைக் கடித்தால் முதலில் இனித்து அப்புறம் நாக்கு மரத்துப்போகும். கண்டந்திப்பிலி குச்சி குச்சியாகக் கணு தெரிய இருக்கும். சித்தரத்தை செம்பழுப்பு நிறத்தில், கட்டியாக, மணமாக இருக்கும். காய்கறிக் கடையில் லெங்குவாஸ் என்று பச்சையாக விற்பது பேரரத்தை. அது ரெண்டாங் என்ற மலாய் இறைச்சிக் கறிக்கு நல்லது, இதற்கு வேண்டாம்.

ஊர்க் குறிப்புகளில் கசகசா இருக்கும். அதைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கூடாது. மார்ஃபின் இருக்கக்கூடும் என்பதால் அது தடைசெய்யப்பட்ட பொருள். ஊரிலிருந்து வரும் அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது இல்லாததால் லேகியம் ஒன்றும் கெட்டுவிடாது.

ஒரு தாய்க்கு ஒரு மாதத்துக்கு நான் எடுக்கும் அளவு இது: சுக்கு, ஓமம், சீரகம், தனியா ஒவ்வொன்றும் 15 கிராம், மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை ஒவ்வொன்றும் 5 கிராம், ஏலக்காய் ஐந்து. இதற்கு வெல்லம் 160 கிராம், நெய் 60 கிராம், நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. கருப்பட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. குலா மலாக்காவும் போடலாம். அது தென்னையிலிருந்து வருவது, சீக்கிரம் அடிபிடிக்கும். தீயைக் குறைத்தே வைத்திருங்கள்.

சுக்குக்குப் புறத்தோல் நஞ்சு, கடுக்காய்க்கு அகக்கொட்டை நஞ்சு என்பார்கள். ஆகவே முதல் வேலை சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுப்பது. அப்புறம் சுக்கையும் சித்தரத்தையையும் கண்டந்திப்பிலியையும் உரலில் இடித்து நொறுக்கிக்கொள்ளுங்கள். நேரே மிக்ஸியில் போட்டால் பிளேடு தேயும், நாரும் பொடியாகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சின்னத் தீயில், கை பொறுக்கும் சூடு வரும்வரை மட்டும் வறுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் சுக்கு சூடேறுவதற்குள் சீரகம் கருகிவிடும். கருகிய சீரகத்தின் கசப்பை எவ்வளவு வெல்லம் போட்டாலும் மறைக்க முடியாது. வறுக்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து, தாயும் பிள்ளையும் இருக்கும் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். மிளகு நெடி பிள்ளைக்கு ஆகாது.

ஆறியதும் பொடித்து மெல்லிய துணியில் சலியுங்கள். சல்லடையில் சலித்தால் திப்பிலி நார் தப்பி வந்து தொண்டையில் குத்தும். துணியில் தங்கிய கப்பியை மறுபடி அரைத்து மறுபடி சலிக்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமை போய்விட்டால் லேகியம் மணல் மாதிரி நெறநெறக்கும். இரண்டாம் நாளே அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். மருந்து நாக்கைத் தாண்டினால்தானே வேலை செய்யும்? சலிப்பதற்கு ஆகும் நேரத்தை நான் ஒருநாளும் குறைத்ததில்லை.

அடி கனமான சட்டியில் வெல்லம் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டுங்கள். மறுபடி அடுப்பில் வைத்தால் முதலில் நுரை பெரிதாகப் பொங்கும். அது பதம் இல்லை. நுரை அடங்கி, குமிழி சின்னதாகிக் கனத்து வரும்போது ஒரு சொட்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். ஒரு கம்பி நிற்க வேண்டும். அதற்கு முன்னால் பொடியைப் போட்டால் இந்த ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும். தாண்டிவிட்டால் ஃபிரிட்ஜில் கல்லாகிவிடும். தீயை நன்றாகக் குறைத்து, ஒரு கையால் பொடியைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். கட்டி தட்டாமல் சேர்ந்ததும் நெய்யும் நல்லெண்ணெயும் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். ஒரு கரண்டி உள்ளே இழுத்துக்கொண்ட பிறகே அடுத்தது. கடைசியில் லேகியம் சட்டியை விட்டு ஒன்றாகச் சுருண்டு வரும், ஓரத்தில் நெய் கசியும், உருட்டிப் பார்த்தால் கையில் ஒட்டாது. அதுதான் பதம், உடனே இறக்குங்கள். நன்றாக ஆறியபின் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தேதியும் பொருள்களின் பெயரும் எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கடையில் வாங்குவதாக இருந்தால் பஸ்பம், செந்தூரம் என்று எழுதியிருப்பதைத் தொடாதீர்கள்; அவை உலோகங்களைப் புடம்போட்டுச் செய்பவை. இங்கே விற்கும் இந்திய மருந்துகளில் பாதரசமும் ஈயமும் எவ்வளவு இருக்கலாம் என்று சுகாதார அறிவியல் ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாட்டிலையும் கடைக்கு வரும் முன்பே சோதித்து அனுமதிப்பதில்லை. பால் கொடுக்கும் தாய்க்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை.

சுகப்பிரசவம் என்றால் ஒரு வாரம் கழித்து ஆரம்பிப்பேன். அறுவை என்றால் அவள் வழக்கம்போல் சாப்பிட்டு, வயிறு சரியாகப் போக ஆரம்பித்த பிறகு, பத்து நாளாவது விட்டு. சின்ன நெல்லிக்காய் அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை. வெறும் வயிற்றில் தருவது பழைய வழக்கம். வலி மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு வெறும் வயிற்றில் காரம் இறங்கினால் வயிறு புண்ணாகும், அதனால் நான் காலை இட்லிக்குப் பிறகே தருகிறேன். நெஞ்செரிச்சல் வந்தாலோ, பிள்ளைக்கு வயிறு இளகினாலோ, தோல் தடித்தாலோ நிறுத்திவிடுங்கள். லேகியம் செரிமானத்துக்கும் வாயுவுக்கும்தான். ரத்தக் குறைவுக்குக் கொடுத்த இரும்பு மாத்திரைக்கு அது மாற்று இல்லை.

பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதை மட்டும் நான் எந்த வீட்டிலும் அனுமதிப்பதில்லை. வயிறு பெருத்துவிடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு தம்ளரோடு நிறுத்தினால் மலச்சிக்கல் வரும், சிறுநீரில் தொற்று வரும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். சீரகத் தண்ணீரை ஃபிளாஸ்கில் ஊற்றிப் பால் கொடுக்கும் இடத்திலேயே வையுங்கள். பால் ஊறச் சுறாப்புட்டு செய்வார்கள். சுறா போன்ற பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். நெத்திலியும் கானாங்கெளுத்தியும் போதும்; புட்டு மாதிரி உதிர்த்துப் பூண்டு போட்டு வதக்கினால் சுவையும் குறையாது. பூண்டோ முருங்கைக்கீரையோ எது கொடுத்தாலும், பால் ஊறுவது பிள்ளை சப்புவதில்தான். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை வாய் வைக்க வேண்டும்.

வயிறு கட்டுவதை எங்கள் மாடியில் இருந்த மக்சிக்கிடம் (மலாய்க்கார அத்தை) பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீளமான பருத்தித் துணியை இடுப்பெலும்பில் ஆரம்பித்து, மேல்நோக்கி முடிச்சு முடிச்சாக ஏற்றுவார். மூச்சு முட்டாத இறுக்கம், சாப்பிடும்போது தளர்வு. பழைய வேட்டியிலும் செய்யலாம். அறுவைக் காயம் ஆறி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே கட்டுங்கள். நான் பிறந்த 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் அந்த ஓராண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்த பெண்களில் ஒருத்தி லேகியத்துக்கும், ஒருத்தி சீன முறையில் இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்ட கோழிக்கும், ஒருத்தி மலாய் மூலிகை மருந்தான ஜாமுவுக்கும் வீடு திரும்பியிருப்பார்கள். மூன்று அடுப்பிலும் இஞ்சி இருந்தது. பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள இந்த ஊரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எண்ணெய்க் குளியலும் காயம் ஆறிய பிறகுதான். தலைக்குச் சாம்பிராணிப் புகை வேண்டாம். பிள்ளையின் மூச்சுக்குக் கெடுதல். துண்டும் மின்விசிறியும் போதும்.

பிள்ளை விஷயத்தில் மூன்று. சேனை என்று தேன் தொட்டு வைக்காதீர்கள். ஒரு வயதுவரை தேன் ஆபத்து. வசம்பை உரசி நாக்கில் தடவாதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த பழைய துணியில் அந்துருண்டை வாசனை இருந்தால் பிள்ளைக்குப் போடாதீர்கள். இங்கே 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறை உள்ள பிள்ளைக்கு அந்துருண்டையால் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். வெயிலில் காட்டிச் சரியாக்கலாம் என்று காத்திருக்காமல் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) எடுத்துப் போங்கள்.

லேகியம் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடம் அவளோடு உட்காருங்கள். பிள்ளை எத்தனை தடவை பால் குடித்தது என்று கேட்கும் முன், அவள் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதும் நனைந்தால், கண் மங்கித் தலை வலித்தால், மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸுக்கு 995. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. முதல் சில நாள் அழுகை வருவது வழக்கம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் அது திருஷ்டியும் இல்லை, பத்தியம் தவறியதும் இல்லை. பரிசோதனைக்குப் போகும்போது தாதியிடம் இதைச் சொல்லுங்கள். மனநிலை பார்க்கும் கேள்வித்தாள் அவர்களிடம் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தால் அவளைத் தனியாக விடாமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐக் கூப்பிடுங்கள், இரவு எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.