காட்டுப்பூவைப் பென்சிலில் வரையும்போது எங்கே தவறுகிறோம்?

தும்பையை வரையும் பலர் தண்டை உருண்டையாக வரைந்துவிடுகிறார்கள். இரண்டு விரலுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள், நான்கு விளிம்பும் தட்டுப்படும். அது சதுரத் தண்டு. இலைகளும் எதிரெதிரே ஜோடியாக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக நின்றால் அடுத்தது வடக்கு தெற்காக. இதைப் பார்க்காமல் இலைகளை இஷ்டத்துக்கு ஒட்டிவிட்டால், அப்புறம் எவ்வளவு நுணுக்கமாக நிழல் போட்டாலும் அது தும்பை ஆகாது. நிழலுக்குக் காட்டும் பொறுமையில் பாதியையாவது செடியின் அமைப்புக்குக் காட்ட வேண்டும்.

வெட்டுக்காயப் பூண்டிலும் இதே சிக்கல்தான். ஒரு பூ என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு பூக்கூட்டம். ஓரத்தில் இதழ் போல நிற்கும் ஒவ்வொன்றும் தனிப் பூ. அதன் நுனியில் பெரும்பாலும் மூன்று பல் இருக்கும். நடுவில் நெருக்கியடித்து நிற்பவை குட்டிக் குழாய்ப் பூக்கள். அங்கே வெறும் புள்ளி குத்தி ஒப்பேற்றாதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

இலை நரம்பைக் கருங்கோடாக இழுப்பது இன்னொரு பழக்கம். பல இலைகளில் நரம்பு சுற்றியுள்ள பச்சையைவிட வெளிறித்தான் தெரியும். நரம்பை வெள்ளையாக விட்டு, இருபுறமும் நிழலிடுங்கள். வெள்ளைப் பூவுக்கும் இதுதான் வழி: சுற்றிக் கோடு போடாமல், பின்னால் இருக்கும் இலையைக் கருமையாக்கினால் இதழின் ஓரம் தானாக எழுந்துவரும்.

எடுத்தவுடன் 6பி என்ற மென்மையான, கருமையான பென்சிலை அழுத்தக் கூடாது. பென்சிலின் கரியான கிராஃபைட் பளபளக்கும், அழித்தாலும் தடம் போகாது. கடினமான, வெளிறிய கோடு தரும் 2எச்சில் மெல்லத் தொடங்கி, எச்பி, 2பி என்று மேலும் கருமையான பென்சில்களால் அடுக்கடுக்காக ஏற்றுங்கள். விரலால் தேய்க்கவே வேண்டாம். தோலின் எண்ணெய்ப்பசை திட்டுத்திட்டாக நிற்கும்.

சரி, எதை முதலில் வரைவது? பூவைத்தான். பறித்துவந்த கிளை ஒன்றில் இலையோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு நிமிர்ந்தேன், பூ தலை தொங்கிக் கிடந்தது. அரிய செடி என்றால் பறிக்காமல், அது நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்து வரையுங்கள்.

போனை ரொம்பக் கிட்டத்தில் பிடித்து எடுத்த படத்தை அப்படியே நம்பாதீர்கள். முன்னால் நிற்கும் பூ அளவுக்கு மீறிப் பெருத்துவிடும். செடி கையில் இருக்கும்போதே ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பூச்சி அரித்த இலையைச் சிலர் முழு இலையாகச் சரிசெய்துவிடுகிறார்கள். அந்த ஓட்டை இருக்கட்டும். அதன் ஓரம் காய்ந்து சற்றே கருத்திருக்கும். அங்கே கூரான பென்சிலால் மெல்லிய அழுத்தம் கொடுங்கள், போதும்.