டிஜிஎஃப்-பீட்டா 1 புரதத்தைக் கரைத்துப் பங்கிடும் முறை

ஆய்வகங்களில் புழங்கும் மனித மறுசேர்க்கைப் புரதங்களுள் (மனித மரபணுவை வேறு செல்களில் புகுத்தி உருவாக்குபவை), செல்களின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் டிஜிஎஃப்-பீட்டா 1 சற்றுப் பிடிவாதமானது. 112 அமினோ அமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகள் டைசல்பைடு பிணைப்பால் கோக்கப்பட்டு ஏறத்தாழ 25 கிலோடால்டன் எடையுடன் அமைந்த இப்புரதம், நடுநிலை பிஎச் மதிப்பில் சரிவரக் கரையாது. கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். செல்கள் பதில் தரவில்லை என்று வருந்துவோரில் பலர், புரதத்தைக் குப்பியின் சுவரிலேயே விட்டுவிட்டவர்கள். ஆகவே பிபிஎஸ் என்னும் பாஸ்பேட் உப்புக் கரைசலையோ செல்களின் வளர்ப்பூடகத்தையோ நேரடியாகக் குப்பியில் ஊற்றக் கூடாது.

உறைவிப்பானிலிருந்து எடுத்த குப்பியை, அறை வெப்பநிலையை எட்டும்வரை மூடியைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படியும். பின்னர்ச் சில நொடிகள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் மூடியில் ஒட்டிய தூள் அடியில் சேரும். 10 மைக்ரோகிராம் தூள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது இயல்பே. வெறுங்குப்பி வந்துவிட்டதென்று எறிந்துவிட வேண்டாம்.

கரைப்பதற்கு, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மாட்டு சீரம் ஆல்புமின் சேர்த்த 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏற்றது. அமிலம் புரதத்தைக் கரைநிலையில் வைக்கிறது. ஆல்புமினோ சுவரில் தானே முந்திப் படிந்து புரதத்துக்கு இடமில்லாமல் செய்கிறது. கரைப்பானை மட்டுமே முன்கூட்டி வடிகட்டிக் கிருமிநீக்க வேண்டும். கரைத்தபின் வடிகட்டினால் இவ்வளவு சிறிய அளவு புரதத்தில் பெரும்பங்கு வடிதாளோடு போய்விடக்கூடும். 10 மைக்ரோகிராம் குப்பியில் 0.5 மில்லிலிட்டர் விட்டால் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் செறிவு கிடைக்கும். மெல்லச் சுழற்றிச் சில நிமிடங்கள் விட்டுவைத்தால் போதும், வோர்டெக்ஸ் கருவியில் குலுக்கி நுரை எழுப்பக் கூடாது. குப்பியுடன் வந்த தாள் வேறு கரைப்பானைச் சொன்னால் அதையே பின்பற்றுக.

கரைசலை அன்றே 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, தயாரிப்புத் தொகுப்பு எண்ணும் தேதியும் எழுதி, மைனஸ் 80 டிகிரி செல்சியசில் வைக்கலாம். ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது. தானே பனி நீக்கிக்கொள்ளும் உறைவிப்பான்களில் வெப்பநிலை ஏறி இறங்குவதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

10 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு இக்கரைசலில் 2.5 மைக்ரோலிட்டர் சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் ஆகும். கட்டுப்பாட்டுக் கிண்ணத்தில் புரதமில்லாத அதே கரைப்பானை அதே அளவு சேர்த்தாக வேண்டும். பலர் மறப்பது இன்னொன்று: ஊடகத்தில் சேர்க்கும் மாட்டு சீரத்திலும் டிஜிஎஃப்-பீட்டா 1 உண்டு; முதிர்ந்த வடிவில் அதன் அமினோ அமில வரிசை மனிதப் புரதத்தினதே. எனவே முதல்நாள் இரவே சீரத்தை வெகுவாகக் குறைத்துவிடுவது முறை.

புதுத் தொகுப்பு வந்தால், நாள்கணக்கான சோதனையில் இறங்குமுன், 30 முதல் 60 நிமிடத்தில் டிஜிஎஃப்-பீட்டாவின் சைகையைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்மாட் 2 புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று, புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்துவிடலாம். பழைய தொகுப்புக்கு அப்பட்டை தெரிந்து புதியதற்குத் தெரியாவிட்டால், சந்தேகிக்க வேண்டியது குப்பியை, செல்களை அல்ல.