பன்னீர் திராட்சை சிரப்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை சிரப்புக்கு ஏற்றது. நிறமும் மணமும் தோலில்தான். 2 கிலோ பழத்தைக் காம்பிலிருந்து உதிர்த்து, பலமுறை அலசி, அரை டம்ளர் தண்ணீரோடு எவர்சில்வர் பாத்திரத்தில் சிறுதீயில் வையுங்கள். அலுமினியம், இரும்பு வேண்டாம்: புளிப்பு பட்டு நிறம் மங்கும். தோல் வெடித்ததும் கரண்டியால் லேசாக மசித்தால் போதும். மிக்ஸி கூடவே கூடாது, விதை அரைபட்டால் கசக்கும்.

துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிழிந்தால் கலங்கும். வடிந்த சாற்றை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால், திராட்சையின் புளிப்பு உப்பு அடியில் மணல்போல் படிகங்களாகத் தங்கும். தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

1 லிட்டர் சாற்றுக்கு ஒன்றரை கிலோ சர்க்கரை. அதிகம்தான், ஆனால் கெடாமல் காப்பதே அதுதான். குறைத்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்கவேண்டும், இல்லையேல் நுரைத்துப் புளிக்கும். சர்க்கரை கரைந்து கொதி வந்தபின் 2 நிமிடம் போதும். பாகு பதம் வரும்வரை விடாதீர்கள், ஆறியதும் சர்க்கரை பூத்துவிடும். நுரை நீக்கி, 2 ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய சூடான கண்ணாடி பாட்டிலில் சூட்டோடு ஊற்றி மூடுங்கள். ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சை உறுதி. குடிக்க, 1 பங்குக்கு 5 பங்கு குளிர்ந்த தண்ணீர்.