அலாரம் அடித்தும் எழ முடியவில்லையா? போனை இப்படி அமைத்துப் பாருங்கள்

அலாரம் அடிக்கிறது, கை தானாக நீண்டு அணைக்கிறது, அடுத்த நொடி மறுபடி தூக்கம். பிறகு கேட்டால் அலாரம் அடித்ததே நினைவில் இருக்காது. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது நியாயமில்லை. விழித்தவுடன் மூளை முழுதாகத் தெளிவதற்குப் பலருக்கு 15 முதல் 30 நிமிடம் ஆகும். சரியாகத் தூங்காத நாட்களில் இன்னும் அதிகம். அந்த அரைமயக்கத்தில் "எழலாமா, வேண்டாமா" என்ற முடிவையே நம்மிடம் விடக் கூடாது. அலாரத்தை நிறுத்த வேண்டுமென்றால் படுக்கையை விட்டு இறங்கியே ஆக வேண்டும் என்று முந்தின இரவே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

படி 1: சத்தத்தைச் சரிபாருங்கள்

ஆண்ட்ராய்டில் அலாரத்தின் சத்தம் தனி. பாட்டின் சத்தத்தைக் கூட்டினால் அது கூடாது. செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போய் அலாரம் என்று இருப்பதை முழுதாகக் கூட்டுங்கள். 'டூ நாட் டிஸ்டர்ப்' பயன்படுத்துபவர்கள் அதில் அலாரத்துக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐபோனில் சைலன்ட் போட்டிருந்தாலும் கிளாக் செயலியின் அலாரம் ஒலிக்கும். ஆனால் ரிங்டோன் சத்தத்தைக் குறைத்தால் அலாரமும் குறைந்துவிடும். சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ் பகுதியில் 'சேஞ்ச் வித் பட்டன்ஸ்' என்பதை அணைத்து வைத்தால், பகலில் பட்டனை அழுத்திக் குறைப்பது அலாரத்தைத் தொடாது. ஃபேஸ் ஐடி உள்ள ஐபோன், நீங்கள் திரையைப் பார்த்ததுமே அலாரச் சத்தத்தைத் தணித்துவிடும். ஃபேஸ் ஐடி பகுதியில் 'அட்டென்ஷன் அவேர் ஃபீச்சர்ஸ்' என்பதை அணைத்தால் அது நிற்கும்.

படி 2: கனமான ஒலியைத் தேர்ந்தெடுங்கள்

'கீச்' என்று மெல்லிசாகக் கத்தும் ஒலிதான் நன்றாக எழுப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். தீ எச்சரிக்கைக் கருவிகளை வைத்து நடந்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. சுமார் 3,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் வழக்கமான பீப் சத்தத்தைவிட, 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த, கரகரப்பான ஒலி ஆழ்ந்து தூங்குபவர்களை நன்றாக எழுப்புகிறது. வயதாக ஆக உச்ச ஒலிகள் காதுக்கு மங்குவதால் பெரியவர்களுக்கும் இதுவே நல்லது. ஒரே ஒலி பழகிப்போனால் மாற்றுங்கள். சத்தம் மெல்ல மெல்லக் கூடும் வசதி லேசாகத் தூங்குபவர்களுக்குச் சரி, உங்களுக்கு வேண்டாம்.

படி 3: வேலை கொடுக்கும் செயலி

முக்கியமான படி இதுதான். அலார்மி என்ற செயலி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கும். நீங்கள் ஒரு வேலையை முடித்தால்தான் அலாரம் நிற்கும். கணக்குப் போடுவது, போனைக் குலுக்குவது, குறிப்பிட்ட இடத்தைப் படம் எடுப்பது, பார்கோடு அல்லது கியூஆர் கோடு ஸ்கேன் செய்வது என்று பல வகை உண்டு. சிலவற்றுக்குப் பணம் கேட்கலாம்.

கணக்கையும் குலுக்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டையும் போர்வைக்குள் இருந்தபடியே முடித்துவிட்டுத் திரும்பவும் படுக்கலாம். படம் எடுப்பது பரவாயில்லை, ஆனால் இருட்டில் எடுத்தால் செயலி ஏற்காமல் போகலாம். பார்கோடுதான் என் தேர்வு. அந்தப் பார்கோடு படுக்கையறையில் இருக்கக் கூடாது, குளியலறையில் முகம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்கேன் செய்ய விளக்கைப் போட வேண்டி வரும், அந்த வெளிச்சமே பாதித் தூக்கத்தைக் கலைக்கும். தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில்.

பற்பசை டியூபின் பார்கோடைப் பதிவு செய்யாதீர்கள். தீர்ந்ததும் குப்பைக்குப் போய்விடும். ஏதாவது ஒரு கியூஆர் கோடைத் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவது நல்லது.

படி 4: செயலியைத் தூங்க விடாதீர்கள்

பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பல ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் இருக்கும் செயலிகளை நிறுத்திவிடும். அலாரம் அடிக்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பை 'அன்ரெஸ்டிரிக்டட்' என்று மாற்றுங்கள். செயலி கேட்கும் அலாரம் அனுமதி, மற்ற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதி இரண்டையும் கொடுங்கள். ஐபோனில், இரவில் செயலியை மேலே தள்ளி மூடிவிடாதீர்கள்.

படி 5: பகலிலேயே ஒத்திகை

மூன்று நிமிடம் கழித்து அடிக்கும்படி வைத்து, திரையைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். அடித்ததும் நடந்துபோய் ஸ்கேன் செய்து அணைத்துப் பாருங்கள். அப்புறம், போனிலேயே இருக்கும் கடிகாரச் செயலியில் ஐந்து நிமிடம் தள்ளி இன்னோர் அலாரம் வையுங்கள். செயலி கைவிட்டாலும் இது காப்பாற்றும்.

படி 6: இரவில்

போனைக் கைக்கெட்டாத தூரத்தில், சார்ஜில் போடுங்கள். அலாரத்தைச் சில நிமிடம் தள்ளிப்போடும் ஸ்னூஸை அணைத்துவிடுங்கள். பத்து நிமிட இடைவெளியில் ஐந்தாறு அலாரம் வைப்பதும் ஸ்னூஸ் மாதிரிதான்: கடைசி அலாரத்துக்கு எழுந்தால் போதும் என்று மனது பழகிவிடும்.

இவ்வளவு செய்தும் தூங்கும் நேரம் குறைவென்றால் பலனில்லை. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும், பதின்வயதினருக்கு 8 முதல் 10. போதுமான அளவு தூங்கியும் பகலெல்லாம் கண்ணைச் சொக்குகிறது, பலமான குறட்டையும் இருக்கிறது என்றால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறாக இருக்கலாம். கட்டாயம் மருத்துவரைப் பாருங்கள்.

வெளியூரில் தங்கும்போது அதே கியூஆர் கோடின் இன்னொரு பிரதியைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் முந்தின இரவே செயலியில் அலாரத்தை நிறுத்தும் வேலையை வேறொன்றாக மாற்றுங்கள், விடிகாலையில் அணைக்க வழியில்லாமல் பக்கத்தில் இருப்பவர்களையும் எழுப்ப வேண்டியிருக்காது.