செம்மரத்தின் சொந்த ஊரை வரைபடமாக்குவது எப்படி?

வியாசர்பாடியில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில், மதில் சுவரை ஒட்டி ஒரு செம்மரம் நிற்கிறது. யாரோ நட்டு, கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஆளாக்கிய மரம் அது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அருகிய இனமாக, அதாவது அழியும் ஆபத்தில் உள்ள இனமாக, இடம்பெற்றுள்ள ஒரு மரம் நம் தெருவிலேயே நிற்கும்போது, அது குறுகிய பரப்பில் மட்டுமே வாழ்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள் என்ற ஐயம் எழுவது இயல்புதான். ஒருவரிடம் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அடுத்ததாகச் சொந்த ஊர் எது என்றும் கேட்பது வடசென்னையில் வழக்கம். மரத்திடமும் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்க வேண்டும். அதற்கான விடையை வீட்டில் இருந்தபடியே, ஒரு கணினியும் ஓர் அட்டவணைத் தாளும் கொண்டு வரைபடமாக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் மரத்தை ஐயமின்றி அடையாளம் காண வேண்டும். செம்மரத்தின் மற்றொரு பெயரான செஞ்சந்தனம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் புழங்குவதால், பெயரை மட்டும் நம்பித் தகவல் சேர்ப்பது ஆபத்து. சிவந்த வழுவழுப்பான விதைகளைத் தரும் ஆனைக்குன்றிமணி மரத்தையும் சிலர் இப்படி அழைக்கிறார்கள். செம்மரத்தின் கூட்டிலையில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகளே இருக்கும், அரிதாக ஐந்து இருக்கலாம். அதன் நெருங்கிய உறவான வேங்கையில் ஐந்து முதல் ஏழு வரை காணலாம். முதிர்ந்த செம்மரத்தின் பட்டை கரும்பழுப்பாக, முதலைத் தோலைப்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். காய் தட்டையாக, சுற்றிலும் சிறகு கொண்ட வட்டமாக இருக்கும். ‘டெரோகார்பஸ் சாண்டலினஸ்’ என்ற அறிவியல் பெயரைக் கொண்டு தேடினால்தான் மற்ற மரங்களின் பதிவுகள் கலக்காமல் இருக்கும்.

அடுத்து, மரம் பதிவான இடங்களைத் திரட்ட வேண்டும். உயிரினங்கள் காணப்பட்ட இடங்களைத் திரட்டி வைக்கும் ஜிபிஃப் (GBIF), ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) ஆகிய இணையத் தரவுத்தளங்களில் அட்சக்கோடு, தீர்க்கக்கோட்டு எண்களுடன் பதிவுகளை இலவசமாகப் பெறலாம். செடியை உலர்த்தி ஒட்டிப் பாதுகாக்கும் பழைய உலர்தாவரத் தாள்களில் பெரும்பாலும் எண்கள் இருக்காது, ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கும். அங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ஒரு தாளில் ‘வட ஆற்காடு’ என்று எழுதியிருந்தால் உடனே வேலூரில் புள்ளி வைத்துவிடக் கூடாது. சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் உருவானது. அதற்கு முந்தைய தாளாக இருந்தால் அந்த வட ஆற்காடு இன்றைய திருப்பதியாகவும் இருக்கலாம். 1960 வரை திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. 2022-இல் ஆந்திரத்தில் மாவட்டங்களை மீண்டும் பிரித்தார்கள். ஆகவே சேகரித்த ஆண்டைப் பார்க்காமல் மாவட்டப் பெயரை மட்டும் படிப்பது வீண். மலையின் பெயரோ ஆற்றின் பெயரோ கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மாவட்ட எல்லைகளைப்போல அவை அடிக்கடி மாறுவதில்லை.

இனி, பொருந்தாத புள்ளிகளைச் சலித்து நீக்கும் வேலை. என் அனுபவத்தில் மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் இதற்கே போகும், போகவும் வேண்டும். செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை முதலிய வறண்ட பாறைக் குன்றுகளில். அதுவும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 முதல் 900 மீட்டர் உயரத்துக்குள். எனவே ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் பாருங்கள். வியாசர்பாடியோ கொடுங்கையூரோ இந்த வடிகட்டியில் அந்தக் கணமே விழுந்துவிடும். சென்னைத் துறைமுகத்தில் கட்டைகள் பிடிபட்ட செய்தியைக் கொண்டு புள்ளி வைப்பவர்களும் இருக்கிறார்கள். வெட்டி ஏற்றி வந்த கட்டைக்கும் வேர்விட்ட நிலத்துக்கும் தொடர்பில்லை.

உண்மையான சிக்கல் திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கிலும் மாநில எல்லையை ஒட்டிய குன்றுகளிலும் இருக்கிறது. அங்கே காட்டு மரமும் நட்ட மரமும் அருகருகே நிற்கக்கூடும். படம் இருந்தால் உற்றுப் பாருங்கள். நேர்வரிசை, ஒரே பருமன், சம இடைவெளி, வரப்போரம் ஆகியவை தோப்பின் அறிகுறிகள். கன்றும் நடுத்தர மரமும் முதிர்ந்த மரமும் கலந்து, வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதளிர் கிளம்பி, பக்கத்தில் வெக்காலி, பொரசு போன்ற காட்டு மரங்களும் நின்றால் அது பெரும்பாலும் காடு. தீர்மானிக்க முடியாத பதிவுகளை நான் அழிப்பதும் இல்லை, கணக்கில் சேர்ப்பதும் இல்லை. அட்டவணையில் ‘தோற்றம்’ என்று ஒரு பத்தி வைத்து ‘காடு’, ‘நட்டது’, ‘ஐயம்’ என்ற மூன்றில் ஒன்றை எழுதிவிடுகிறேன்.

புள்ளிகள் தேறிய பின் இரண்டு பரப்புகளைக் கணக்கிட வேண்டும். ஒன்று பரவல் எல்லைப் பரப்பு. கேரம் பலகையில் சிதறிக் கிடக்கும் காய்களை எல்லாம் உள்ளடக்கி வெளியே ஒரு நூலை இழுத்துக் கட்டினால் கிடைக்கும் பலகோணம்தான் அது. இன்னொன்று குடியிருப்புப் பரப்பு. வரைபடத்தை 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, மரம் இருக்கும் கட்டங்களை எண்ணி, 4-ஆல் பெருக்கினால் சதுர கிலோமீட்டரில் விடை வரும். கியூ தாவரவியல் தோட்டத்தின் ஜியோகேட் என்ற இலவசக் கருவி இரண்டையும் நொடியில் தந்துவிடும். ஆயினும் ஒருமுறையாவது கையால் செய்து பார்ப்பது நல்லது. ஓர் அட்சக்கோட்டுப் பாகை ஏறத்தாழ 111 கி.மீ. என்பதால் 2 கி.மீ. என்பது 0.018 பாகை. தீர்க்கக்கோட்டில், இந்த மலைகள் இருக்கும் 14 பாகை வடக்கில், அது 0.0185 பாகை. ஒவ்வொரு புள்ளியின் எண்களையும் இவற்றால் வகுத்து முழு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் இணைகளை நீக்கினால் மிஞ்சுவதே கட்டங்களின் எண்ணிக்கை.

நட்ட மரம் ஒன்று நுழைந்தால் என்ன ஆகும் என்பதை இங்கேதான் கண்ணால் காணலாம். பலகோணத்தின் கிழக்கு விளிம்பு 100 கி.மீ. நீளம் என்றும், வியாசர்பாடி மரம் அதற்குச் செங்குத்தாக 100 கி.மீ. தள்ளி நிற்கிறது என்றும் கொள்வோம். நூல் அந்த ஒற்றைக் காய்வரை இழுபட்டு, 5,000 சதுர கி.மீ. முக்கோணம் ஒன்று புதிதாகச் சேரும். குடியிருப்புப் பரப்பில் கூடுவதோ வெறும் 4 சதுர கி.மீ. பரவல் எல்லைப் பரப்பு 5,000 சதுர கி.மீ.க்குக் குறைவாகவோ குடியிருப்புப் பரப்பு 500 சதுர கி.மீ.க்குக் குறைவாகவோ இருப்பதே, பரப்பை வைத்து ஓர் இனத்தை அருகியது எனக் கருதுவதற்கான வரம்பு என்பதை நினைத்தால், ஒரு தெருமுனை மரம் எவ்வளவு பெரிய பிழையைச் செய்யும் என்பது விளங்கும். அந்த அளவும் தனியே போதாது. துண்டுபட்ட அல்லது மிகச் சில வாழிடங்கள், தொடரும் சரிவு, கடும் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் இரண்டையாவது சேர்த்துக் காட்ட வேண்டும். செம்மரத்தைப் பொறுத்தவரை, மூன்று தலைமுறைக் காலத்தில் 50 முதல் 80 விழுக்காடு வரை அழிந்துவிட்டது என்ற மதிப்பீடே அதை அருகிய இனமாக்கியது. ஆகவே உங்கள் பலகோணம் வரம்பைத் தாண்டிப் பெரிதாக வந்தால் திகைக்க வேண்டாம்.

அட்சக்கோட்டு எண்ணையும் தீர்க்கக்கோட்டு எண்ணையும் இடம் மாற்றி உள்ளிடுவது எல்லோரும் செய்யும் தவறு. என் முதல் வரைபடத்தில் வியாசர்பாடி மரம் வட துருவத்துக்கு அருகிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே, உறைகடலில் நின்றது. நல்லவேளையாக அந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது.

இறுதியாக, வரைபடத்தை வெளியிடும் விதம். இந்த மரத்தின் துல்லியமான இடத்தை ஊரறியச் சொல்வது கடத்துபவருக்கு வழிகாட்டுவதாகும். ஐநேச்சுரலிஸ்ட் தளம் அருகிய இனங்களின் புள்ளியை 0.2 பாகைக் கட்டத்துக்குள், அதாவது ஏறத்தாழ 22 கி.மீ. பக்கமுள்ள கட்டத்துக்குள், மறைத்து வைப்பது இதனால்தான். அவ்வாறு மறைக்கப்பட்ட புள்ளிகளை 2 கி.மீ. கட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளியிடும் உங்கள் வரைபடத்திலும் அதே 0.2 பாகைக் கட்டங்களையே காட்டுங்கள். நேரில் சரிபார்க்கலாம் என்று அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவதும் கூடாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லை.

தேறாத புள்ளிகளைத் தனித் தாளில் சேமித்து, நீக்கிய காரணத்தையும் தேதியையும் எதிரே எழுதி வையுங்கள். வியாசர்பாடி மரம் என்னிடம் அந்த இரண்டாம் தாளின் முதல் வரியில் இருக்கிறது: உயரம் 10 மீட்டருக்கும் குறைவு, தோற்றம் ‘நட்டது’.